டிரபீசியஸ் தலைத் தசையா, உடம்புத் தசையா? கழுத்தும் தோளும் கருவில் உருவாகும் விதம்

சாரல்_பிஸியோ:
எல்லோருக்கும் வணக்கம். பி.பி.டி. (பிஸியோதெரபி பட்டப்படிப்பு) முதலாம் ஆண்டு படிக்கிறேன். தோள்பட்டைத் தசைகளை நரம்போடு சேர்த்து அட்டவணை போட்டுப் படித்தேன். டெல்டாய்டு, சுப்ராஸ்பைனேட்டஸ், ராம்பாய்டு, செரேட்டஸ், லாட்டிசிமஸ் டார்சி என எதை எடுத்தாலும் நரம்பு பிராக்கியல் பிளெக்சஸில் (கைக்குப் போகும் தண்டுவட நரம்புகளின் பின்னலில்) இருந்து வருகிறது. கழுத்தில் இருந்து தோளுக்கும் முதுகுக்கும் விரியும் டிரபீசியஸுக்கு மட்டும் பதினோராவது மூளை நரம்பான அக்சஸரி. கழுத்தின் பக்கவாட்டில் உள்ள எஸ்.சி.எம். (ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு) தசைக்கும் அதே நரம்புதான்.

முதுகில் டிரபீசியஸும் லாட்டிசிமஸும் ஒரே அடுக்கில், பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. டிரபீசியஸின் கீழ்நுனி பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு வரை இறங்குகிறது. அவ்வளவு கீழே இருக்கும் தசைக்கு மண்டையோட்டுக்குள் போய்விட்டு வரும் ஒரு நரம்பு ஏன்?

கருவியல் பக்கம் போனால் குழப்பம் கூடுகிறது. ஒரு புத்தகம் டிரபீசியஸ் சோமைட்டில் (கருவின் முதுகுப் பக்கம் வரிசையாக அமையும் திசுக் கட்டைகளில்) இருந்து வந்தது என்கிறது. இன்னொன்று தொண்டை வளைவுகள் (கருவின் தொண்டைப் பக்கத்தில் உருவாகும் மேடுகள்) என்கிறது. சீனியர் அக்கா தந்த குறிப்பில் லேட்டரல் பிளேட் மீசோடெர்ம் (கருவின் நடு அடுக்கான மீசோடெர்மில் சோமைட்டுக்கு வெளிப்பக்கம் உள்ள பகுதி) என்று இருக்கிறது. மூன்றில் எது சரி? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

கொல்லிமலைக்_காற்று:
தேர்வுக்கு "இயக்கம் அக்சஸரி நரம்பு, உணர்வு சி3, சி4" என்று எழுதினால் போதும் (சி என்பது கழுத்துத் தண்டுவட நரம்பு). ஆனால் நீங்கள் காரணம் கேட்கிறீர்கள், அதனால் என் வாதத்தைச் சொல்கிறேன். அக்சஸரி நரம்பின் செல்கள் மூளையில் இல்லை. கழுத்துத் தண்டுவடத்தின் மேல் ஐந்து கண்டங்களில் இருக்கின்றன. அங்கிருந்து மேலே ஏறி, ஃபோரமென் மேக்னம் என்ற மண்டையடித் துளை வழியாக மண்டைக்குள் நுழைந்து, ஜுகுலர் ஃபோரமென் என்ற இன்னொரு துளை வழியாக வெளியே வருகிறது. பாதைதான் சுற்றுவழி. பிறந்த இடம் தண்டுவடம். எனவே அது தண்டுவட நரம்பு, தசை சோமைட் தசை. இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை என்பது என் கருத்து.

அனாட்டமி_வாத்தியார்:
சாரல், கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கேட்டு மாணவர்களைத் திணறடிப்போர் உண்டு, ஆனால் வகுப்பில் இதை யாரும் நின்று விளக்குவதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சண்டை இல்லாத தசைகளை ஒதுக்கிவிடலாம். முதுகெலும்பை ஒட்டிய ஆழமான தசைகள், கழுத்துப் பக்கத்து ஸ்கேலின்கள், ஹையாய்டு என்ற தொண்டை எலும்புக்குக் கீழே உள்ள பட்டைத் தசைகள் எல்லாம் சோமைட்டில் பிறந்தவை. நாக்கின் தசைகளும் சோமைட்தான். பின்மண்டைப் பகுதியின் சோமைட்டுகளில் இருந்து செல்கள் கிளம்பி, தொண்டையின் அடியைச் சுற்றி முன்னால் வருகின்றன. உதரவிதானம் எதிர்த்திசையில் போன பயணி. கழுத்துச் சோமைட்டுகளில் தொடங்கி வயிற்றுக்கு மேலே வந்து நிற்கிறது, அதனால்தான் அதற்கு சி3, சி4, சி5. இன்னொரு பக்கம், தாடைக்கு அடியில் உள்ள டைகாஸ்ட்ரிக் தசையின் முன்வயிறு முதல் தொண்டை வளைவு, பின்வயிறும் கழுத்துத் தோலடித் தசையான பிளாட்டிஸ்மாவும் இரண்டாம் வளைவு, குரல்வளைத் தசைகள் கடைசி வளைவுகள். இவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

லாட்டிசிமஸுக்கும் டிரபீசியஸுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகும். லாட்டிசிமஸின் முன்னோடிச் செல்கள் சோமைட்டை விட்டுக் கிளம்பி முதலில் கை மொட்டுக்குள் போகின்றன. அங்கிருந்து திரும்பி உடம்பின் மேல் பரவுகின்றன. பெக்டோரல் தசைகளும் அப்படியே. அதாவது லாட்டிசிமஸ் கையில் இருந்து முதுகுக்கு வந்த தசை. டிரபீசியஸ் தலையின் பின்பக்கத்தில் இருந்து கீழே இறங்கிய தசை. இரண்டும் முதுகில் அக்கம்பக்கத்தில் இருப்பது பயணத்தின் முடிவு. அதை வைத்துத் தொடக்கத்தைச் சொல்ல முடியாது.

இப்போது கொல்லிமலை நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். நரம்புச் செல் தண்டுவடத்தில் இருப்பது உண்மை. ஆனால் அதன் வேர்கள் வெளியே வரும் இடத்தைப் பாருங்கள். சோமைட் தசைகளுக்குப் போகும் இயக்க நரம்புகள் தண்டுவடத்தின் முன்வேர் வழியாக வெளியேறுகின்றன. அக்சஸரியின் வேர்கள் முன்வேருக்கும் பின்வேருக்கும் நடுவே, பக்கவாட்டில் வெளியேறுகின்றன. அடுத்த முறை டிசெக்‌ஷனில், தண்டுவடத்தைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் டென்டிகுலேட் லிகமென்டுக்குப் பின்னால் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். தொண்டைப் பகுதிக்குப் போகும் மூளை நரம்புகளான வேகஸும் குளோசோஃபாரிஞ்சியலும் இப்படிப் பக்கவாட்டில்தான் வெளிவருகின்றன. எனவே "தண்டுவடத்தில் பிறந்தது, ஆகவே சாதாரணத் தண்டுவட நரம்பு" என்பது நிற்காது.

அதைவிட முக்கியமான ஒன்று. நரம்பை வைத்துத் தசையின் பிறப்பிடத்தைச் சொல்வது ஒரு ஊகம்தான். செல்லை அடையாளமிட்டு, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர்ந்தால் மட்டுமே அது நிரூபணம் ஆகும்.

சாரல்_பிஸியோ:
மிக்க நன்றி சார். லாட்டிசிமஸ் கைக்குப் போய்த் திரும்பி வந்தது என்பதைப் படித்ததும் அதன் நரம்பு சி6, சி7, சி8 ஏன் என்பது தானாகப் புரிந்துவிட்டது. செல்லை அடையாளமிடுவது என்றீர்களே, அது எப்படி? மனிதக் கருவில் செய்ய முடியாதே?

அனாட்டமி_வாத்தியார்:
முடியாது. அதனால் கோழியும் எலியும்.

1969ல் பிரான்சின் நிக்கோல் லெ துவாரென் ஒரு வழி கண்டுபிடித்தார். காடையின் செல் உட்கருவில் நியூக்ளியோலஸை ஒட்டி அடர்த்தியான ஒரு திரள் இருக்கும். கோழிச் செல்லில் அது கிடையாது. ஃபாய்ல்கன் சாயம் ஏற்றினால் இரண்டையும் தனித்தனியே அடையாளம் காணலாம். கோழிக் கருவில் ஒரு சோமைட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் காடைச் சோமைட்டை வைத்து வளரவிட்டால், பிறகு காடைச் செல் எங்கெங்கே இருக்கிறதோ அதெல்லாம் அந்தச் சோமைட்டின் வாரிசு. இப்படிச் செய்தபோது பின்மண்டைச் சோமைட்டுகளின் செல்கள் பறவைகளின் குகுலாரிஸ் தசையில் தென்பட்டன. பாலூட்டிகளில் டிரபீசியஸ், எஸ்.சி.எம். இரண்டுக்கும் மூலமாகக் கருதப்படும் தசை அது. உங்கள் முதல் புத்தகம் சோமைட் என்று சொல்வது இதை வைத்துத்தான்.

2010ல் சூசன் தைஸ், கேத்தன் பட்டேல் உள்ளிட்ட குழு அதே இடத்தை மறுபடி ஆராய்ந்தது. முதல் மூன்று சோமைட்டுகளுக்குப் பக்கத்தில் கிடக்கும் லேட்டரல் பிளேட் மீசோடெர்மைத் தனியாக எடுத்து மாற்றிவைத்தபோது, டிரபீசியஸ் அதில் இருந்து வந்தது. சீனியர் அக்காவின் குறிப்பு இது. அந்தப் பருவத்துக் கருவில் சோமைட்டுக்கும் பக்க அடுக்குக்கும் இடையே எல்லை மிக நெருக்கம். எந்தத் துண்டை வெட்டினோம் என்பதில் சிறு வேறுபாடு வந்தாலும் விடை மாறும் என்பது என் எண்ணம்.

முத்துநகர்_விலங்கியல்:
வாத்தியார் சொன்னதோடு எலிச் சோதனைகளையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் விடை அங்கேதான் இறுகுகிறது.

பாக்ஸ்3 என்ற மரபணு சோமைட் தசைகளுக்குத் தேவை. அது இல்லாத எலிக்கருவில் கால், கை தசைகள் உருவாவதில்லை. டிரபீசியஸோ உருவாகிறது. டிபிஎக்ஸ்1 என்ற மரபணு தொண்டை வளைவுப் பகுதிக்கு முக்கியமானது. அது இல்லாத எலியில் கைத்தசைகள் இருக்கின்றன, டிரபீசியஸும் எஸ்.சி.எம்.மும் காணாமல் போகின்றன அல்லது வெகுவாகக் குன்றிவிடுகின்றன. இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே இந்தத் தசைகள் எந்தப் பக்கம் என்று தெரியும்.

2015ல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபாபியென் லெஸ்க்ருவார், மார்கரெட் பக்கிங்ஹாம் குழுவினர் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். வேலை செய்யாதபடி உடைத்து வைத்த ஒரு மரபணு எலியின் எல்லாச் செல்களிலும் இருக்கும். மிக அரிதாக, எங்கோ ஒரு செல்லில் அது தானாகச் சரியாகிவிடும். அந்த ஒரு செல்லின் வழிவந்த தசைச் செல்கள் மட்டும் சாயத்தில் நீலமாகத் தெரியும். ஆக, ஒரே கருவில் இரண்டு இடங்களில் நீலம் தெரிந்தால், இரண்டும் ஒரே தாய்ச்செல்லின் பிள்ளைகளாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். நிறையக் கருக்களைப் பார்த்துக் கணக்கிட்டபோது டிரபீசியஸ் குழுவோடு சேர்ந்து நீலமாகத் தெரிந்தது எது தெரியுமா? இதயத் தசை! குறிப்பாக, சிரைகள் வந்து சேரும் பக்கத்து இதயத் தசை. இடப்பக்கக் கிளையில் நுரையீரல் தமனித் தண்டின் தசையும் சேர்ந்து வந்தது.

தோளைத் தூக்கும் தசை இதயத்துக்குப் பங்காளி என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. குரல்வளைத் தசைகளும் அதே கூட்டத்தில் வருகின்றன. ஸ்பிளீனியஸ் தசையில் ஒரு பகுதி இந்தக் கூட்டம், மீதி சோமைட்.

செவிலி_மலர்:
நான் குழந்தைகள் இதய வார்டில் வேலை பார்க்கிறேன். டிபிஎக்ஸ்1 என்று படித்ததும் உட்கார்ந்து எழுதத் தோன்றியது. 22கியூ11.2 குறைபாடு (22ஆவது குரோமோசோமின் ஒரு துண்டு நீங்கிய நிலை), அதாவது டிஜார்ஜ் நோய்க்குறி உள்ள குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஃபாலோட் டெட்ரலஜி, பெருந்தமனி வளைவு அறுபட்டிருத்தல், தமனித் தண்டு பிரியாமல் ஒன்றாக இருத்தல் மாதிரி இதயக் கோளாறுகள் இருக்கும். கால்சியம் குறைந்து வலிப்பு வரும். தைமஸ் சரியாக வளராததால் நோய்த்தொற்று. அண்ணப் பிளவு, பால் விழுங்குவதில் சிரமம். இத்தனை வெவ்வேறு உறுப்புகள் ஒரே குழந்தையில் ஏன் கெடுகின்றன என்று தாய்மார்கள் கேட்பார்கள். நீக்கப்பட்ட மரபணுத் துண்டில் டிபிஎக்ஸ்1 இருக்கிறது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இவை எல்லாம் கருவில் ஒரே பேட்டையில் பிறந்த உறுப்புகள் என்று புரிகிறது.

அப்படியானால் இந்தக் குழந்தைகளுக்குத் தோள் தசைகளும் பாதிக்கப்படுமா?

அனாட்டமி_வாத்தியார்:
மலர் மேடம், நீங்கள் புரிந்துகொண்டது சரி. தொண்டைப் பகுதியின் அந்த மீசோடெர்மை இப்போது கார்டியோஃபாரிஞ்சியல் மீசோடெர்ம் என்று ஒரே பெயரில் அழைக்கிறார்கள். இதயத்தின் ஒரு பகுதியும், மெல்லும் தசைகளும், முகத் தசைகளும், குரல்வளையும், டிரபீசியஸும் அதன் வாரிசுகள்.

தோள் தசை பற்றிய கேள்விக்கு ஒன்று கவனிக்க வேண்டும். எலியில் டிபிஎக்ஸ்1 இரண்டு பிரதியும் இல்லாதபோதுதான் டிரபீசியஸ் போகிறது. உங்கள் வார்டுக் குழந்தைகளுக்கு ஒரு பிரதி இருக்கிறது. எனவே எலியில் பார்த்ததை அப்படியே குழந்தைக்குப் பொருத்தக் கூடாது. குழந்தைக்கு எதைச் சோதிக்க வேண்டும் என்பதை இதய மருத்துவரும் மரபியல் மருத்துவரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொல்லிமலைக்_காற்று:
தசை விஷயத்தில் நீங்கள் வைத்த சான்றுகளை ஏற்கிறேன். பாக்ஸ்3 இல்லாமலும் டிரபீசியஸ் உருவாகிறது என்பது வலுவான சான்று. ஆனால் இன்னொரு ஆய்வையும் இங்கே வைக்க வேண்டும். 2005ல் நேச்சர் இதழில் மாட்சுவோக்கா, ஆல்பர்க், கோன்ட்கெஸ் குழு எழுதியது. தசை எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது எலும்பில் ஒட்டும் இடம் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டார்கள். டிரபீசியஸ் ஒட்டும் இடங்களில், தோள்பட்டை எலும்பின் முகட்டிலும் காரை எலும்பின் முன்விளிம்பிலும், நியூரல் கிரெஸ்ட் செல்கள் (கருவின் நரம்புக்குழாயின் விளிம்பில் இருந்து கிளம்பிப் பரவும் செல்கள்) இருப்பதாக எலியில் காட்டினார்கள். தலையைச் சேர்ந்த தசை, தலையைச் சேர்ந்த செல்களால் ஆன எலும்புத் துணுக்கில்தான் ஒட்டும் என்பது அவர்களின் விதி. அதை வைத்துப் பழங்கால மீன்களின் தோள் எலும்பான கிளைத்ரம் இன்று நம் தோள்பட்டை முகட்டில் ஒளிந்திருக்கிறது என்று சொன்னார்கள். எனக்கு இது மிக அழகான கருத்து. எலும்பின் வெளி வடிவம் மாறினாலும் உள்ளே செல்களின் எல்லை மாறவில்லை என்கிறது அது.

முத்துநகர்_விலங்கியல்:
கருத்து அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பிறகு சோதனையில் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012ல் ஆக்சலாட்டில் என்ற நீர்வாழ் சாலமாண்டரில் எப்பர்லைன் குழு நியூரல் கிரெஸ்ட்டை அடையாளமிட்டுப் பார்த்தது. கழுத்திலும் தோளிலும் அதன் பங்கு இல்லை. 2018ல் எக்லான்டீன் ஹூட், ஷஹ்ராகிம் தஜ்பக்‌ஷ் குழு எலியிலேயே முப்பரிமாண வரைபடம் போட்டுப் பார்த்தது. தலைப்பக்கத்து இணைப்புத் திசுவில் நியூரல் கிரெஸ்ட் உண்டு. கீழே தோள்பட்டைக்கு வரும்போது அந்த வேலையை மீசோடெர்ம் எடுத்துக்கொள்கிறது. எல்லைக்கோட்டை 2005ல் போட்ட இடத்தில் இருந்து மாற்றிப் போட வேண்டியிருந்தது. அதே ஆய்வுதான் டிரபீசியஸ் லேட்டரல் பிளேட்டில் இருந்து வரவில்லை, கார்டியோஃபாரிஞ்சியல் மீசோடெர்மின் பின்பகுதியில் இருந்து வருகிறது என்றும் சொன்னது.

கொல்லிமலைக்_காற்று:
ஆக்சலாட்டில் ஒரு இருவாழ்வி. அதில் இல்லை என்பதால் பாலூட்டியில் இல்லை என்று ஆகிவிடுமா? 2005 குழு எலியில் பார்த்தது.

முத்துநகர்_விலங்கியல்:
ஆகாது, அதனால்தான் 2018 எலி ஆய்வைச் சேர்த்துச் சொன்னேன். எலியில் செல்லை அடையாளமிட வைக்கும் மரபணு "சுவிட்ச்" எப்போது, எந்தச் செல்லில் இயங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நினைக்காத செல்லில் அது சிறிது நேரம் இயங்கிவிட்டால்கூட அந்தச் செல்லின் வாரிசுகள் முழுவதும் நிறமேறிவிடும். அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட சுவிட்சுகளை வைத்துச் சரிபார்க்காமல் எல்லைக்கோடு போடக் கூடாது.

கிளைத்ரம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு விஷயம். மீன் வாங்கி வீட்டில் வெட்டுபவர்கள், செவுள் மூடியைத் தூக்கினால் அதற்குப் பின்னால் பிறை மாதிரி வளைந்த கெட்டியான ஒரு எலும்பைப் பார்த்திருப்பீர்கள். தலையை வெட்டும்போது கத்தி தட்டுவது அதில்தான். அதுதான் கிளைத்ரம். மீனின் தோள் அது. மேலே சில எலும்புகள் வழியாக அது மண்டையோட்டோடு இணைந்திருக்கிறது. எனவே மீன் தலையைத் தனியாகத் திருப்ப முடியாது. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004ல் கண்டெடுத்த டிக்டாலிக், சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அதில் இந்த இணைப்பு எலும்புகள் இல்லை. தோள் தலையில் இருந்து விடுபட்டுவிட்டது.

எலும்பு விடுபட்ட பிறகும் தசை விடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குகுலாரிஸ் டிக்டாலிக்கைவிடப் பழையது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோகோ பாறைகளில், சுமார் 38 கோடி ஆண்டுப் பழமையான பிளாக்கோடெர்ம் மீன்களின் தசைகளே கல்லாகிக் கிடைத்திருக்கின்றன. 2013ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, அவற்றின் கழுத்தில் குகுலாரிஸை அடையாளம் காட்டியது. நாம் தோளைக் குலுக்கப் பயன்படுத்தும் தசையின் மூதாதை அங்கே கவசத் தலையைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

யாழ்_சத்திரசிகிச்சை:
வணக்கம். கருவியல் சண்டையை ஆர்வமாக வாசித்தேன். சத்திரசிகிச்சை செய்கிற எங்களுக்கு இந்த நரம்பின் பாதை தினசரிப் பயம். கழுத்தின் பின் முக்கோணத்தில் அக்சஸரி நரம்பு தோலுக்கு அண்மையில், நிணநீர்க்கணுக்களோடு ஒட்டியபடி போகிறது. காசநோய்க் கழலை என்று சந்தேகித்து ஒரு சிறு கணுவை எடுக்கும்போது நரம்பு அறுபட்டால், நோயாளி கொஞ்ச நாள் கழித்து வந்து "கையை மேலே தூக்க முடியவில்லை, தோள் இழுத்து வலிக்கிறது" என்று சொல்வார். தோள் சரிந்து, தோள்பட்டை எலும்பு பின்னால் தள்ளி நிற்கும். தலை சீவுவதும் மேல் தட்டில் இருந்து பொருள் எடுப்பதும் கஷ்டமாகிவிடும். சிறிய வெட்டு என்று அலட்சியமாகச் செய்யக் கூடாத சத்திரசிகிச்சை இது.

இன்னொன்று. நரம்பு முற்றாக அறுபட்டும் சிலருக்கு டிரபீசியஸ் ஓரளவு இயங்குகிறது. சி3, சி4 கிளைகள் உணர்வை மட்டும் கொண்டுபோகின்றன என்ற பழைய வாக்கியம் எல்லோருக்கும் பொருந்தாது. சிலரில் அவை இயக்க நார்களையும் கொண்டுபோகின்றன. எனவே கொல்லிமலை முதலில் எழுதிய தேர்வு விடையை நோயாளியின் முன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

சாரல்_பிஸியோ:
அண்ணா, இதே பாதிப்போடு வந்த ஒருவருக்கு நாங்கள் பயிற்சி கொடுத்திருக்கிறோம். ராம்பாய்டும் லெவேட்டர் ஸ்காபுலேயும் சேர்ந்து தோள்பட்டையைத் தாங்கும்படி பழக்கினோம். இப்போது யோசித்தால், அந்த இரண்டும் சோமைட் தசைகள், நரம்பு வேறு. அதனால்தான் அவை தப்பித்தன, சரிதானே?

இன்னொரு சந்தேகம். பிறவியிலேயே தோள்பட்டை உயரமாக இருக்கும் ஸ்பிரெங்கல் குறைபாட்டுக்கு இதோடு தொடர்பு உண்டா?

அனாட்டமி_வாத்தியார்:
முதலாவது சரி. ராம்பாய்டுக்கு சி5இல் இருந்து நேராக வரும் டார்சல் ஸ்காபுலார் நரம்பு, லெவேட்டருக்கு அதோடு சி3, சி4 கிளைகளும். பின் முக்கோணத்தில் அக்சஸரி போகும் தளத்துக்குக் கீழே, ஆழத்தில் அவை போகின்றன.

ஸ்பிரெங்கலில் தோள்பட்டை எலும்பு இறங்காமல் நின்றுவிடுகிறது. கருவின் ஐந்தாவது வாரத்தில் அந்த எலும்பு கழுத்து மட்டத்தில் உருவாகத் தொடங்கி, மூன்றாவது மாத முடிவுக்குள் மார்புக்கூட்டின் மேல் வந்து அமர வேண்டும். சிலருக்கு அது கழுத்து முள்ளெலும்போடு எலும்பாலோ நார்த்திசுவாலோ கட்டுண்டு கிடக்கும். கழுத்து எலும்புகள் ஒட்டிப்போன கிளிப்பல்-ஃபெய்ல் நிலையோடும் சேர்ந்து வருவது உண்டு. 2005 குழு இந்த இரண்டையும் தங்கள் நியூரல் கிரெஸ்ட் கருத்தால் விளக்க முயன்றது. அந்தக் கருத்தின் எல்லைக்கோடே மாறிவிட்ட பிறகு அந்த விளக்கத்தைப் பாடமாக எழுத வேண்டாம். கிளிப்பல்-ஃபெய்லில் ஜிடிஎஃப்6, எம்இஓஎக்ஸ்1 போன்ற மரபணுக்களில் மாற்றங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவை முதுகெலும்பு கண்டங்களாகப் பிரிவதோடு தொடர்புடையவை. அந்தப் பக்கம் தேடுவதுதான் பயன்.

சாரல்_பிஸியோ:
கடைசியாக ஒன்று சார். வைவாவில் "டிரபீசியஸ் எதிலிருந்து உருவாகிறது" என்று கேட்டால் எதைச் சொல்வது? எங்கள் மேடம் சோமைட் என்று பழைய புத்தகத்தை வைத்திருந்தால்?

அனாட்டமி_வாத்தியார்:
"தொண்டை வளைவுகளின் பின்பகுதி மீசோடெர்ம், அதாவது கார்டியோஃபாரிஞ்சியல் மீசோடெர்ம், எலிச் சான்று அப்படிக் காட்டுகிறது, பறவைகளில் பின்மண்டைச் சோமைட்டுகளின் பங்கும் பதிவாகியிருக்கிறது" என்று சொல்லுங்கள். மேடம் சோமைட் என்றால் மறுக்க வேண்டாம், காடை-கோழிச் சோதனையைச் சொல்லிவிட்டு, பாக்ஸ்3 இல்லாத எலியில் டிரபீசியஸ் எப்படி உருவானது என்று அடக்கமாகக் கேளுங்கள். நல்ல ஆசிரியராக இருந்தால் அந்தக் கேள்விக்கே மதிப்பெண் போடுவார்.